குட் நியூஸ்: 1930 படமா, 1947 படமா?

டாக்கி, அதாவது பேசும் படம் வந்த புதுசுல ஹாலிவுட்காரங்களுக்கு காலேஜ் மியூசிக்கல்னா கதை ஒண்ணே ஒண்ணுதான். ஃபுட்பால் ஹீரோ, பெரிய மேட்ச் வருது, பையன் ஒரு பேப்பர்ல கோட்டை விட்ருவான் போல இருக்கு, நல்லா படிக்கிற பொண்ணு வந்து பாடம் சொல்லிக் கொடுக்குது, அப்புறம் என்ன, லவ்வுதான். 1927-ல நியூயார்க் பிராட்வே நாடக மேடைல வந்து 500 ஷோவுக்கு மேல ஓடின குட் நியூஸ் நாடகமும் இதேதான், ஆனா டிசில்வா, பிரவுன், ஹெண்டர்சன் போட்ட பாட்டுங்க அதை எங்கயோ கொண்டு போயிடுச்சு. எம்ஜிஎம் ஸ்டுடியோ இதை ரெண்டு தடவை படமா எடுத்தாங்க. ஒண்ணுதான் பார்க்க நேரம் இருக்குன்னா எது?

நேரா சொல்லணும்னா 1947. சார்லஸ் வால்டர்ஸ் டைரக்ட் பண்ண முதல் முழுநீளப் படம்னு நம்பவே முடியாது, டெக்னிகலர்ல அப்படி ஒரு மினுமினுப்பு. பழைய கதைல ஹீரோவுக்கு உதைக்கிற பேப்பர் வானவியல், இதுல அதை பிரெஞ்சா மாத்திட்டாங்க, அதனால ஜூன் ஆலிசன் பீட்டர் லாஃபோர்டுக்கு பிரெஞ்சு கத்துக்கொடுக்குற ஒரு பாட்டே கிடைச்சுது. இதுல காமெடி என்னன்னா லாஃபோர்டு சின்ன வயசுல பிரான்ஸ்ல இருந்தவரு, பிரெஞ்சு அவருக்குத் தண்ணி பட்ட பாடு, இங்கிலீஷ்தான் பக்கா லண்டன் வாடை, அமெரிக்க ஃபுட்பால் கேப்டன்னு சொன்னா யார் நம்புறது. ஆனா ஜோன் மெக்ராக்கன் சோடா கடைல போடுற ஆட்டத்துக்கு முன்னாடி ஹீரோ ஹீரோயின் ரெண்டு பேருமே காணாம போயிடுறாங்க. ஆஸ்கர் நாமினேஷன் வாங்கின பாட்டு அது, செவ்விந்தியப் பழங்குடி பேரையெல்லாம் விளையாட்டா அடுக்கிட்டே போறது மட்டும் இப்ப கேட்டா நெருடுது.

அப்போ 1930 படம் வேஸ்டான்னா, இல்லவே இல்ல. ஹீரோ ஸ்டான்லி ஸ்மித்தும் ஹீரோயின் மேரி லாலரும் சப்புன்னு இருக்காங்க, ஒத்துக்குறேன். லாலர் மேடையில இருந்து வந்தவங்கதான், இருந்தும் கேமரா முன்னாடி எடுபடல. ஆனா பக்கத்துல நிக்கிற கூட்டம் இருக்கே! பெஸ்ஸி லவ், உகுலேலிங்குற குட்டி கிட்டாரோட கிளிஃப் எட்வர்ட்ஸ், எல்லாத்துக்கும் மேல டோரத்தி மெக்நல்டி. பின்னாடி பென்னி சிங்கிள்டன்னு பேரை மாத்திக்கிட்டு பிளாண்டி படவரிசைல குடும்பத்தலைவியா செட்டில் ஆனது இந்தம்மாதானான்னு சந்தேகமே வரும், வார்சிட்டி டிராக் பாட்டுக்கு உடம்பை அப்படி உதறி ஆடுறாங்க. 1947-ல அதே பாட்டு கிளைமாக்ஸ்ல வருது, ஸ்டெப்பெல்லாம் கச்சிதம், ஆனா அந்த வெறி இல்ல. ஏன்னா அது இருபது வருஷம் கழிச்சு ஏக்கமா திரும்பிப் பார்க்குற படம், 1930-ல இருக்குறவங்களுக்கு அது நேத்து ராத்திரி ஆடின டான்ஸ். தணிக்கை விதியும் அந்த வருஷம்தான் எழுதினாங்க, கறாரா அமல்படுத்தினது 1934-லதான், அதனால ஜோக்கெல்லாம் கொஞ்சம் கூச்சமில்லாமலே வருது.

பெரிய குறை ஒண்ணு இருக்கு. கடைசி காட்சியை மல்டிகலர்ங்குற அந்தக் காலத்து கலர் முறைல எடுத்திருந்தாங்க, அது தொலைஞ்சே போச்சு, இப்ப கிடைக்குற பிரிண்ட்ல முடிவு இல்லாம பட்டுனு நின்னுடும். கதை எப்படி முடியும்னு தெரியாத ஆளு யாரு இருக்கா, ஆனாலும் கடுப்பா இருக்கும். அதான் 47-ஐ முதல்ல பார்த்துட்டு இதுக்கு வாங்கன்னு சொல்றேன்.

பாராமவுண்டோட ஸ்வீட்டி (1929) இதைவிட நல்லா இருக்கும்னு சிலர் சொல்வாங்க. கோரஸ் டான்ஸர் ஒருத்திக்கு ஒரு காலேஜே வாரிசு சொத்தா வந்து சேருதுங்குற ஐடியா செம, நான்சி கரோலும் அழகு, கீச்சுக்குரல் ஹெலன் கேன் வேற இருக்காங்க. ஆனா ஹீரோ யாருன்னு நினைக்கிறீங்க? அதே ஸ்டான்லி ஸ்மித், அதே சப்பு.