பழைய புதுச்சேரி வீட்டை எதில் வெட்டிப் பார்ப்பது: ரெவிட், ஆர்க்கிகேட், ஸ்கெட்ச்சப்

புதுச்சேரியில் பழைய வீட்டைப் பழுதுபார்க்க இறங்கினால், படத்தில் முதலில் சரியாக வரவேண்டியது மெட்ராஸ் டெரஸ் மேல்தளம். தேக்கு உத்திரம், அதன்மேல் நெருக்கமாகக் கட்டைகள், கட்டைகள்மேல் மெல்லிய செங்கல்லைக் குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புக் கலவையில் மூலைவாட்டமாகப் பதித்த வரிசை, அதற்கு மேல் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பு, கடைசியில் தட்டோடு. கோளாறு பெரும்பாலும் கட்டையின் முனையில்தான் தொடங்கும். சுவருக்குள் புகுந்த பகுதியில் ஈரம் தங்கி மரம் உளுத்துப்போகும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. 2014 நவம்பர் மழையில் பழைய நகராட்சி மன்றமான மேரி கட்டடம் சரிந்ததைப் பார்த்த ஊர் இது. அளந்து வரைந்து வைப்பதன் அருமையை இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்தக் கட்டை முனை, கட்டடத்தை மேலிருந்து கீழாக வெட்டிக் காட்டும் படமான செக்‌ஷனில் தெளிவாகத் தெரிய வேண்டும். திண்ணை, முற்றம், மேலே ஓடும் உத்திரம் எல்லாம் பிளானில், அதாவது மேலிருந்து பார்க்கும் தரைப்படத்தில், வர வேண்டும். எந்த உயரத்தில் வெட்டுவது, எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்று ரெவிட், ஆர்க்கிகேட், ஸ்கெட்ச்சப் ஆகிய மூன்று கட்டட வரைபட மென்பொருளிலும் தீர்மானிக்கிற இடம் வேறு வேறு.

ஸ்கெட்ச்சப்பில் அந்த அதிகாரம் குரூப்பிடம், அதாவது ஒன்றாகச் சேர்த்துக் கட்டிய பாகங்களிடம், இருக்கிறது. ஒரு குரூப்புக்குள் வைத்த செக்‌ஷன் பிளேன் அந்தக் குரூப்பை மட்டுமே வெட்டும். மேல்தளத்தைத் தனிக் குரூப்பாக்கி உள்ளே பிளேன் வைத்தால், சுவரும் முற்றமும் முழுசாக நிற்க, தளம் மட்டும் வெட்டுப்பட்டுத் தெரியும். தச்சரிடம் காட்டிப் பேச இதைவிடச் சுலபமான வழி இல்லை. ஆனால் வெட்டிய முகத்துக்குக் கிடைப்பது ஒரே நிறம். மரம், செங்கல், சுண்ணாம்பு மூன்றும் ஒன்றுபோல் நிரம்பும். விளிம்பில் சின்ன இடைவெளி இருந்தால் நிரம்பவே நிரம்பாது. வெட்டை எடுத்துத் தனிக் குரூப்பாக்கி வண்ணம் பூசலாம். அப்புறம் மாடலை மாற்றினால் அந்தக் குரூப் மாறாது. பேச்சுக்கு நல்லது, வேலைப் படத்துக்குப் போதாது.

ரெவிட்டில் தீர்மானிப்பது பார்வை. வியூ ரேஞ்ச் என்ற அமைப்பில் கட் பிளேனை, அதாவது வெட்டும் மட்டத்தை, வைத்தால் மாடி முழுக்க அதே உயரத்தில் வெட்டும். மெட்ரிக் டெம்பிளேட்டில் வழக்கமாக 1200 மிமீ. கதவுக்கு மேலே இருக்கும் வென்டிலேட்டர் வேண்டுமென்றால், அந்த இடத்துக்கு மட்டும் பிளான் ரீஜன் வரைந்து கட் பிளேனை உயர்த்த வேண்டும். இன்னொன்று பலருக்குத் தெரியாது: 2 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ள சுவரை, கட் பிளேன் அதன் ஊடே போனாலும், ரெவிட் பிளானில் வெட்டிக் காட்டாது. தாழ்வாரத்துக் குட்டைச் சுவர் மெல்லிய கோடாக நிற்பது இதனால்தான். உத்திரமும் கட்டைகளும் கட் பிளேனுக்கு மேலே இருப்பதால் சாதாரண பிளானில் வராது. சீலிங் பிளான் போடலாம், அல்லது அண்டர்லேயை (பின்னணியாகக் காட்டும் இன்னொரு தளத்தின் படத்தை) மேல்நோக்கிப் பார்க்கும்படி வைக்கலாம்.

ரெவிட்டின் பலம் அசெம்பிளி. ஒரு அறையின் உத்திரத்தையும் கட்டைகளையும் தளத்தையும் சேர்த்து அசெம்பிளி ஆக்கினால், அதை மட்டும் தனியே காட்டும் பிளான், செக்‌ஷன், எலிவேஷன், பொருள் பட்டியல் எல்லாம் சில கிளிக்கில் வந்துவிடும். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அசெம்பிளிக்குள் வரும் பிளான், உண்மையில் கிடைமட்டமாகப் படுத்த ஒரு செக்‌ஷன். அதில் வியூ ரேஞ்ச் தேடிப் பயனில்லை. வெட்டுக்கோட்டையே ஏற்றி இறக்க வேண்டும், ஆழத்தை ஃபார் கிளிப்பில் (எவ்வளவு தூரம் வரை தெரிய வேண்டும் என்ற எல்லையில்) கட்டுப்படுத்த வேண்டும். கட்டைகளைக் கீழிருந்து பார்க்க பாட்டம் எலிவேஷன் இருக்கிறது. அருமையான வசதி.

ஆனால் அசெம்பிளியின் லாபம் ஒரே மாதிரி உறுப்புகள் திரும்பத் திரும்ப வரும்போதுதான். ஒரே மாதிரி இருப்பவற்றை ஒரே டைப்பாக எண்ணும். ஒன்றில் ஒரு கட்டையை மாற்றினால் அது தனி டைப்பாகப் பிரிந்துவிடும். வைசியாள் வீதி மாதிரியான இடத்து வீடுகளில் ஒரு அறையின் கட்டை இன்னொரு அறையின் கட்டையோடு எங்கே ஒத்துப்போகப் போகிறது? ஒன்று வளைந்திருக்கும், ஒன்று எப்போதோ மாற்றியதாக இருக்கும். டைப் பட்டியல்தான் நீளும்.

ஆர்க்கிகேடிலும் பார்வைக்குக் கட் பிளேன் உண்டு. அதோடு ஒவ்வொரு பொருளும் பிளானில் தான் எப்படித் தெரிய வேண்டும் என்பதைத் தன்னிடமே வைத்திருக்கும். உத்திரத்தைத் தேர்ந்தெடுத்து மேலிருப்பதையும் காட்டச் சொன்னால் புள்ளிக்கோடாக வந்துவிடுகிறது. எனக்கு இதைவிட முக்கியம் செக்‌ஷன். ஒவ்வொரு பில்டிங் மெட்டீரியலுக்கும் முன்னுரிமை எண் இருக்கிறது. மரத்துக்குச் செங்கல்லைவிட அதிக எண் கொடுத்தால், சுவருக்குள் புகுந்த கட்டை முனை தானே செங்கல்லை விலக்கிக்கொண்டு, தன் ஆழத்தோடு, தன் நிரப்பு வடிவத்தோடு தெளிவாக நிற்கும். ரெவிட்டில் இதற்குச் சுவரையும் கட்டையையும் கையால் பொருத்திவர வேண்டியிருக்கும்.

ஆர்க்கிகேடின் குறை, ஆளுக்கொரு விதமாகப் போய்விடும் அபாயம். நாலு பேர் வரைந்தால் நாலு உத்திரமும் நாலு விதமாகத் தெரியும். அலுவலகத்தில் ஒருவர் ஃபேவரிட்ஸ் (சேமித்து வைத்த அமைப்புகள்) போட்டுக் கட்டுக்குள் வைத்தாக வேண்டும். ஒரு கட்டமைப்பை மட்டும் பிரித்துக் காட்டுவதும் அசெம்பிளி அளவுக்குச் சுலபமில்லை. 3டி டாக்குமெண்ட், லேயர் என்று சுற்றி வர வேண்டும்.

பழைய வீட்டின் மேல்தளத்துக்கு என் கை ஆர்க்கிகேடுக்குத்தான் போகும். பின்பக்கம் புதிதாக எஃகு மாடியோ ஒரே அளவு அறைகளோ கட்டுவதாக இருந்தால் ரெவிட். அப்படியானால் பழசை இதில், புதுசை அதில் என்று பிரித்துக்கொண்டு ஐஎஃப்சி என்ற பொதுக் கோப்பு வடிவம் வழியாகச் சேர்க்கலாமே என்று தோன்றும். ஐஎஃப்சியில் மாடல் போகும். வியூ ரேஞ்ச், பிளான் ரீஜன், அசெம்பிளி படங்கள் எதுவும் கூட வராது. மேல்தளமும் அதைத் தாங்கும் சுவரும் ஒரே மென்பொருளில் இருக்கட்டும்.