கேமராவின் முன் நிற்பதா, அமர்வதா: ஒரு மருத்துவரின் ஒப்பீடு

சர்க்கரை நோய் மருத்துவராகிய நான் என் நோயாளிகளுக்காகச் சிறு காணொளிகளைப் பதிவு செய்யத் தொடங்கி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. முதல் ஆண்டு முழுவதும் மேசைக்குப் பின்னால் அமர்ந்து பேசினேன். அதன்பின் நாற்காலியை ஓரமாக நகர்த்திவிட்டு நின்றே பேசுகிறேன். வழக்கறிஞர், ஆடிட்டர், பேராசிரியர் எனத் தொழில் நிமித்தமாகக் கேமராவை எதிர்கொள்ளும் தோழியர் என்னிடம் கேட்கும்போதெல்லாம், பதிவு செய்யும் காணொளியாக இருந்தால் நின்று பேசுங்கள் என்றே சொல்லிவருகிறேன். அதற்கான காரணங்களில் ஒன்று மற்றவற்றைவிட மிகப் பெரியது என்பதால் அதை மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

அமர்ந்து பேசுவதே இயல்பு என்ற எண்ணம் நமக்குத் தொலைக்காட்சி வழியாக வந்தது. சென்னைத் தொலைக்காட்சி 1975-இல் தொடங்கியது. பின்னாளில் ஷோபனா ரவி போன்ற செய்தி வாசிப்பாளர்கள் அதில் நிமிர்ந்து அமர்ந்து வாசித்த கம்பீரம் என் தலைமுறைப் பெண்களின் நினைவில் அப்படியே இருக்கிறது. ஆனால் அவர்களுக்கு எதிரே கண் மட்டத்தில் ஸ்டுடியோ கேமரா இருந்தது; ஒளியமைப்பைக் கவனிக்கத் தனி ஆட்கள் இருந்தார்கள். நம் மேசையில் இருப்பதோ மடிக்கணினி. அதன் லென்ஸ் கண்ணுக்கு ஒரு சாண் கீழே இருப்பதால் தலை தானாகக் குனிகிறது, தோள்கள் முன்னோக்கி வளைகின்றன, பார்ப்பவருக்கு நம் முகவாயும் கூரையின் மின்விசிறியும் தெரிகின்றன. நான்கு தடித்த புத்தகங்களை அடியில் வைத்தால் இந்தக் குறை நீங்கிவிடும் என்பதால் இதை அமர்வதற்கு எதிரான வாதமாக நான் கொள்ளவில்லை.

நாற்காலியின் சிக்கல் அவ்வளவு எளிதில் தீர்வதில்லை. ஐந்தடி இரண்டங்குல உயரமுள்ள எனக்குப் பெரும்பாலான அலுவலக நாற்காலிகள் ஆழம் மிகுந்தவை. முதுகைச் சாய்த்தால் பாதம் தரையில் ஊன்றாது. பாதத்தை ஊன்றினால் முதுகுக்குப் பிடிமானம் இருக்காது. இதனுடன் வளர்ப்பும் சேர்ந்துகொள்கிறது. ‘ஒடுங்கி உட்கார், அடக்கமாக உட்கார்’ என்று கேட்டே வளர்ந்த உடல், நாற்காலியைக் கண்டதும் முழங்கால்களைச் சேர்த்து, கைகளை மடியில் கோத்து, தனக்கான இடத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. என் பழைய பதிவுகளில், முதல் நிமிடத்தில் நிமிர்ந்திருக்கும் நான் நான்காவது நிமிடத்தில் பாதி உயரத்துக்கு அமிழ்ந்திருப்பதைக் காணலாம். நிமிர்ந்து அமர்வது கற்கக்கூடிய பழக்கம்தான் என்றாலும், பேசும் பொருளில் கவனம் சென்றதும் உடல் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது.

இனி நான் முதன்மையாகக் கருதும் காரணத்துக்கு வருகிறேன். அது மூச்சும் தமிழ் வாக்கியத்தின் அமைப்பும் சேரும் இடம். நம் மொழியில் வினைமுற்று வாக்கியத்தின் கடைசியில் நிற்கிறது. செய்யலாமா, கூடாதா, வேண்டுமா, வேண்டாமா என்ற முடிவு அந்தக் கடைசிச் சொல்லில்தான் இருக்கிறது. கூனி அமரும்போது வயிறு அழுந்தி, மூச்சை இழுக்கும் தசையான உதரவிதானம் கீழிறங்க இடம் குறைகிறது, மூச்சு மேல்மார்பிலேயே நின்றுவிடுகிறது, சற்று நீண்ட வாக்கியத்தின் இறுதியை எட்டும்போது காற்று தீர்ந்து குரல் தேய்கிறது. ஆங்கிலத்தில் பேசுபவருக்கு முதன்மை வினை பெரும்பாலும் தொடக்கத்திலேயே வந்துவிடுவதால், இறுதியில் குரல் தேய்ந்தாலும் பொருள் ஓரளவு தப்பிவிடும். தமிழில் பேசுபவருக்குத் தேய்வது முடிவே.

இதை நான் ஒரு நோயாளியின் மகளிடமிருந்து அறிந்துகொண்டேன். ‘சர்க்கரை அளவு குறைந்துவிட்டது என்று மாத்திரையை நீங்களாகவே நிறுத்தக் கூடாது’ என்று நான் காணொளியில் சொல்லியிருந்தேன். அப்பாவுக்கு மாத்திரையை நிறுத்திவிடலாமா, நீங்கள் அப்படித்தானே சொன்னீர்கள் என்று அவர் தொலைபேசியில் கேட்டார். பதற்றத்துடன் பதிவைத் திரும்பக் கேட்டபோது, ‘நிறுத்த’ என்பது தெளிவாகவும் ‘கூடாது’ என்பது வெறும் மூச்சாகவும் ஒலித்தன. நல்லவேளையாக அவர் கேட்டுவிட்டார். அன்று மாலையே அந்தக் காணொளியை நீக்கிவிட்டு, அதே வாக்கியத்தை அமர்ந்து ஐந்து முறையும் நின்று ஐந்து முறையும் பதிவு செய்து ஒப்பிட்டேன். நின்று பேசிய ஐந்திலும் ‘கூடாது’ முழுமையாகக் கேட்டது. அமர்ந்து பேசியவற்றில் இரண்டில் மட்டுமே கேட்டது.

தன்னம்பிக்கை என்று பார்ப்பவர் உணர்வதில் பெரும்பகுதி இந்த வாக்கிய இறுதிதான் என்று இப்போது நம்புகிறேன். குரல் இறுதியில் அமிழும் பெண்ணை, பொருள் தெரிந்தவராக இருந்தாலும், ‘இவருக்கே உறுதியில்லை போலும்’ என்று எண்ணிவிடுகிறார்கள். குரலை உயர்த்திப் பேசுங்கள் என்ற பொதுவான அறிவுரை இதைத் தீர்ப்பதில்லை. காற்று இல்லாமல் உயர்த்தினால் கீச்சுக்குரல்தான் வரும். நின்றால் விலாக்கூடு திறக்கிறது, கைகள் மடியிலிருந்து விடுபடுகின்றன, கடைசிச் சொல்லுக்கு வேண்டிய காற்று மிஞ்சுகிறது. முழுமையாக நிமிர்ந்து, இடுப்பெலும்பின் மேல் சமமாக அமர்பவருக்கும் ஏறத்தாழ இதே பயன் கிடைக்கும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்த அமர்வைப் பத்து நிமிடம் பராமரிக்கத் தனிக் கவனம் வேண்டும், நிற்பதற்கோ அந்தக் கவனம் வேண்டியதில்லை.

நிற்பதிலும் குறைகள் உண்டு. முதல் சில பதிவுகளில் நான் பக்கவாட்டில் ஊசலாடிக்கொண்டே இருந்தேன். இரு பாதங்களையும் இடுப்பளவு அகலத்தில் வைத்து, ஒன்றைச் சற்றே முன்னால் நகர்த்தியதும் ஆட்டம் நின்றது. பாதம் வைக்க வேண்டிய இடத்தில் ஒட்டிய வண்ண நாடா இன்றும் தரையில் இருக்கிறது. நாற்காலிக்காக நான் செய்த எந்த ஏற்பாடும் அவ்வளவு காலம் நிலைக்கவில்லை. குதிகால் உயர்ந்த செருப்பை விட வெறும் பாதமே நல்லது. முழங்கால்களைப் பின்னோக்கி இறுக்கிப் பூட்டிக்கொண்டு நீண்ட நேரம் நிற்கக் கூடாது. இரத்தம் கால்களில் தேங்கித் தலை சுற்றக்கூடும் என்பதால் இதை மருத்துவராகவும் வலியுறுத்துகிறேன். கைகளை எங்கே வைப்பது என்ற தவிப்பு இரண்டு வாரம் இருந்தது. பிறகு தொப்புளுக்குச் சற்று மேலே தளர்வாகச் சேர்த்து வைத்து, எண்ணிக்கை சொல்லும்போதும் அளவு காட்டும்போதும் மட்டும் விரிக்கப் பழகிக்கொண்டேன்.

நின்றதால் எதிர்பாராமல் கிடைத்த நன்மை ஒன்றும் உண்டு. ட்ரைபாட்டில் கைபேசியைக் கண் மட்டத்தில் பொருத்தி ஐந்தாறு அடி தள்ளி நிற்கும்போது, பின்புறக் கேமராவைப் பயன்படுத்த முடிகிறது. அருகிலிருந்து முன்புறக் கேமராவில் எடுத்தால் மூக்கு பெரிதாகத் தெரியும் கோளாறு இதில் மறைகிறது. அதைவிட முக்கியமாக, பேசும்போது என் முகம் எனக்குத் தெரிவதில்லை. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-இல் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடத்திய ஆய்வில், காணொளிக் கூட்டங்களால் மிகுந்த சோர்வடைவதாகச் சொன்ன பெண்கள் 13.8 விழுக்காடு, ஆண்கள் 5.5 விழுக்காடு. தன் முகத்தையே கண்ணாடிபோல் பார்த்துக்கொண்டிருப்பது பெண்களிடம் உண்டாக்கும் பதற்றத்தை அதற்கு ஒரு பெரும் காரணமாக அவர்கள் குறிப்பிட்டார்கள். என் அனுபவமும் அதுவே. முகத்தைப் பார்த்துப் பேசிய நாட்களில் நெற்றிப்பொட்டையும் கலைந்த முடியையும் திருத்தியபடியே இருந்தேன்.

நான் பணம் கட்டிச் சென்ற ஒரு பயிலரங்கில், பதிவுக்கு முன் இரண்டு நிமிடம் கைகளை இடுப்பில் ஊன்றி வீரத் தோரணையில் நின்றால் ஹார்மோன்கள் மாறித் துணிவு வரும் என்று கற்பித்தார்கள். இதற்கு அடிப்படையான, 2010-இல் வெளியான ஆய்வின் ஹார்மோன் முடிவுகள் 2015-இல் நடந்த பெரிய மறுசோதனையில் உறுதிப்படவில்லை. முதல் ஆய்வாளர்களில் ஒருவரான டேனா கார்னி அந்த விளைவு உண்மையென்று தாம் நம்பவில்லை என 2016-இல் வெளிப்படையாகவே அறிவித்தார். மனத்துக்குத் தெம்பாக இருந்தால் செய்துகொள்ளலாம். அதையே பயிற்சியாக நம்பியிருக்க வேண்டாம்.

உடையைப் பொறுத்தவரை இரு முறைகளுக்கும் பெரிய வேறுபாடில்லை: சிறு கட்டங்கள் நிறைந்த செட்டிநாட்டுப் பருத்தியைக் கேமரா அலையலையாகக் காட்டும், அகலச் சரிகை ரிங் லைட்டில் கண்ணைக் கூசும், காலர் மைக்கின் மேல் முந்தானை உரசினால் கரகரப்பு கேட்கும். வளையல்கள் மேசையில் மோதும் ஓசை மட்டும் அமர்பவருக்கே உரிய தொல்லை. செலவிலும் ஒரு சாதாரண ட்ரைபாட்டைத் தவிர வேறுபாடில்லை.

அமர்வதே சரியான இடமும் உண்டு. 2020 மார்ச்சில் தொலைமருத்துவ வழிகாட்டுதல்கள் வெளியானபின் காணொளி வழி ஆலோசனை என் அன்றாட வேலையாகிவிட்டது. அதில் நோயாளி தன் வீட்டில் அமர்ந்திருக்க, நான் நின்றுகொண்டு பேசினால் அவசரத்தில் இருப்பதாகவே அவருக்குத் தோன்றும். அங்கே பாதங்களுக்கு அடியில் ஒரு பலகையும், முதுகுக்குப் பின்னால் ஒரு சிறு தலையணையும் வைத்து அமர்கிறேன். ஒவ்வொரு நோயாளிக்கும் இடையே எழுந்து நிற்கிறேன். உயரமான ஸ்டூலில் பாதி நின்றும் பாதி அமர்ந்தும் பேசுவதை இரண்டு முறைதான் முயன்றேன். கால் தொங்கியது பிடிக்காமல் விட்டுவிட்டேன் என்பதால், அதைப் பற்றி உறுதியாகச் சொல்ல என்னிடம் போதிய அனுபவம் இல்லை. என் பதிவுகள் எட்டு நிமிடத்தைத் தாண்டுவதில்லை. ஒரு மணி நேர வகுப்பெடுக்கும் பேராசிரியருக்கும், முழங்கால் வலியோ கர்ப்பமோ உள்ளவருக்கும் நாற்காலியே பொருந்தலாம்; அவர்கள் நான் செய்ததுபோல ஒரே வாக்கியத்தை இரு வகையிலும் ஐந்து முறை பதிவு செய்து, கடைசிச் சொல் எதில் கேட்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம்.