கருணாநிதியும் கே.எம். மாணியும்: 13 வெற்றி, இரண்டு வழி

சட்டமன்றத் தேர்தலில் இருவருமே 13 முறை வென்றவர்கள், ஒருமுறையும் தோற்காதவர்கள். வென்ற விதம்தான் வேறு.

கேரள காங்கிரஸ் (எம்) தலைவராக இருந்த மாணி, கேரளத்தின் பாலா தொகுதியை விட்டு நகரவே இல்லை. 1965 முதல் 2016 வரை அதே தொகுதி. 1965இல் வென்றும் அந்தச் சபை கூடவில்லை. 1967இல் மறுபடி நின்று வென்றார்.

கருணாநிதி இடம் மாறிக்கொண்டே இருந்தார். 1957இல் குளித்தலை, அப்புறம் தஞ்சாவூர், சைதாப்பேட்டை, அண்ணா நகர், துறைமுகம், சேப்பாக்கம், கடைசியாகத் திருவாரூர். 1984இல் மட்டும் போட்டியிடவில்லை. 1980இல் அண்ணா நகரில் அதிமுகவின் ஹண்டேயை வென்றது வெறும் 699 வாக்கில். 1991இல், ராஜீவ் காந்தி கொலைக்குப் பின் திமுகவே துடைத்தெறியப்பட்டபோது, துறைமுகத்தில் 890 வாக்கில் தப்பினார். அந்த இரவு எண்ணிக்கை மேசையில் ஒவ்வொரு கட்டும் எப்படிக் கனத்திருக்கும்! 2016இல் திருவாரூரில் வித்தியாசம் 68,366.

அதே 2016இல் மாணிக்குக் கிடைத்த வித்தியாசம் 4,703தான். அவர் மறைந்ததும் 2019 இடைத்தேர்தலில் பாலா கைமாறியது. வென்றவர் 2016இல் அவரிடம் தோற்ற மாணி சி. காப்பன்.

ஒரே ஊரை அரை நூற்றாண்டு கட்டிக்காத்தது பெரிய சாதனைதான். ஆனாலும் புதுத் தொகுதியில், எதிர்காற்றில் வெல்வதையே நான் கடினம் என்பேன்.