ஒரே கயிற்றில் படகுப் பாயைச் சுருக்கும் கிட்: ஒரு கோடை முழுக்க ஓட்டிப் பார்த்த பிறகு

கனடாவில், டொராண்டோவின் ஸ்கார்பரோவில் பிளஃபர்ஸ் பார்க் பக்கம், ஒன்டாரியோ ஏரியில் நான் ஓட்டுவது ஒரு பழைய வேஃபேரர். 1957-ல் இயன் ப்ராக்டர் வடிவமைத்த டிங்கி, அதாவது மேல்தளம் மூடாத சின்னப் பாய்மரப் படகு, நீளம் 4.82 மீட்டர். இதே வகைப் படகில்தான் ஃபிராங்க் டை என்ற படகோட்டி ஐஸ்லாந்து வரை போனார், அதனால் படகை நான் குறை சொல்லப் போவதில்லை. காற்று ஏறும்போது பாயின் பரப்பைக் குறைக்க அதைச் சுருக்குவதுதான் தலைவலி. காற்றின் வேகம் 10 நாட்டிலிருந்து (கடல் மைல்/மணி) 20 நாட் ஆனால் பாயின் மேல் விழும் தள்ளு நாலு மடங்கு ஆகிவிடும், இந்த ஏரியிலோ அலை கிட்டக்கிட்ட எழும்பும், அந்த நேரத்தில் பூமில் (பாயின் அடி விளிம்பைப் பிடிக்கும் கிடைக்கம்பு) தொங்கிக்கொண்டு முடிச்சுப் போட யாருக்கு மனசு வரும்? அதனால்தான் இந்த கிட்டை வாங்கினேன்.

உள்ளே இருந்தது 6 மி.மீ. கயிறு, பிளாக்குகள் (கயிறு ஓடும் கப்பிகள்), கயிற்றை இறுக்கிப் பிடிக்கும் ஒரு கிளீட், ரிவெட், ஒரு செய்முறைத் தாள். கயிறு பூமின் வால் பக்கத்திலிருந்து ஏறி, பாயின் பின் விளிம்பு வளையத்துக்குள் புகுந்து இறங்கி, பூம் ஓரமாக முன்னால் வந்து, பாய்மரத்துப் பக்க வளையத்தில் ஏறி இறங்கி கிளீட்டுக்கு வருகிறது. ஹாலியார்டை, அதாவது பாயை மேலே ஏற்றும் கயிற்றைத் தளர்த்திவிட்டு இழுத்தால் இரண்டு மூலையும் சேர்ந்து இறங்க வேண்டும். வீட்டு வாசலில், டிரெய்லரில் நிற்கும்போது அழகாக இறங்கியது.

தண்ணீரில் நடந்தது வேறு. முன் மூலை சட்டென்று இறங்கிவிட்டது, பின் மூலை பூமுக்கு ஒரு சாண் மேலே தொங்கிக்கொண்டே இருந்தது. இத்தனை இடத்தில் வளையும் கயிற்றில் உரசல் மொத்த இழுப்பையும் தின்றுவிடுகிறது. பின் மூலை இறுகாவிட்டால் பாய் தட்டையாகாமல் தொப்பை போடும், சுருக்கியும் படகு சாய்வது அவ்வளவாகக் குறையாது. பின் வளையத்தில் ஒரு சின்ன வழுக்கு வளையத்தைக் கட்டினேன், மெயின்ஷீட்டையும் (பூமை உள்ளே இழுக்கும் கயிறு) கிக்கரையும் (பூமைக் கீழே இழுத்துப் பிடிப்பது) முழுக்க விட்டுவிட்டு இழுத்தேன், பாதி சரியானது. ஆனால் ஹாலியார்டை விட்டதும் பூம் நேராக என் மனைவியின் மடியில் வந்து விழுந்தது. டிங்கியில் பூமைத் தூக்கிப்பிடிக்கத் தனிக் கயிறு வேண்டும் என்று அந்தத் தாளில் ஒரு வரி இல்லை. பாயின் நடுவில் தொங்கும் சின்னக் கயிறுகள் மிச்சத் துணியைச் சுருட்டி வைக்க மட்டும்தான், இறுக்கிக் கட்டினால் பாய் அந்த இடத்தில் கிழியும் என்பதும் இல்லை. விற்றவருக்கு எழுதிக் கேட்டேன், பதில் அதே தாளின் படம்.

பூம் உள்ளே குழாயாக இருந்து, கயிறு அதற்குள்ளேயே ஓடி, உட்காரும் இடம் வரை வரும் 25 அடிப் படகு உங்களிடம் இருந்தால் இந்த முறை பிழைக்கும். வேஃபேரருக்கு வேண்டாம். முன் மூலைக்கு ஒரு கொக்கி, பின் மூலைக்கு ஒரு கயிறு, பூமுக்கு ஒரு தாங்கு கயிறு, அவ்வளவு போதும். ஜிப்பை, அதாவது முன்னால் இருக்கும் சின்னப் பாயை எதிர்ப்பக்கம் இழுத்துக் கட்டி, சுக்கான் பிடியைக் காற்று போகும் பக்கம் தள்ளி வைத்தால் படகு சாதுவாக நிற்கிறது, இப்போது இரண்டு நிமிடத்தில் சுருக்கிவிடுகிறேன்.

கிட்டில் கிளீட் மட்டும் நல்ல சாமான், அதை வைத்துக்கொண்டேன். கயிறு டிரெய்லரில் படகைக் கட்டப் பயன்படுகிறது.