பெர்லில் பிழையைப் பிடிக்க: ஈவல், ட்ரை டைனி, மொழியின் சொந்த ட்ரை

பெர்ல் என்ற நிரல் மொழியில், ‘டை’ என்ற கட்டளை வீசும் பிழையை நிரல் நின்றுவிடாமல் பிடிக்க மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. புதிதாக எழுதுபவருக்கு என் பரிந்துரை மூன்றாவதுதான். ஆனால் மற்ற இரண்டையும் அறியாமல் பழைய நிரல் எதையும் தொட முடியாது.

பிழை வரக்கூடிய வரிகளைச் சுற்றி எழுதும் ஈவல் பிளாக் மொழியோடு வருவது; எதையும் நிறுவ வேண்டாம். பிழை ‘$@’ என்ற பொது மாறியில் வந்து விழும். வம்பு அங்கேதான். ஈவல் முடிந்ததும் ‘$@’ காலியா என்று பார்ப்பதே பலரின் பழக்கம். 2011இல் வந்த 5.14 பதிப்புக்கு முன்பு, பிழையால் பிளாக்கை விட்டு வெளியேறும் நேரத்தில் அழியும் ஒரு பொருளின் டெஸ்ட்ரக்டர் (பொருள் அழியும்போது தானாக ஓடும் ஃபங்ஷன்) தனக்குள் இன்னொரு ஈவலை ஓட்டினால் அந்த மாறி துடைக்கப்பட்டுவிடும். பிழை நடந்திருக்கும், நிரலோ எல்லாம் நலம் என்று நம்பி மேலே போகும். அதனால்தான் அனுபவசாலிகள் பிளாக்கின் கடைசி வரியாக 1 என்று எழுதி, அந்த 1 திரும்பி வராவிட்டால் பிழை என்று கொள்கிறார்கள். பார்க்க அழகில்லை, ஆனால் நம்பலாம். சிறிய ஸ்கிரிப்டுக்கு இது போதும்.

இந்தத் தொல்லைகளை மூடி மறைக்க 2009இல் வந்தது ட்ரை டைனி என்ற, தனியாக நிறுவ வேண்டிய மாட்யூல். பிழையை ‘$_’ மாறியில் தருகிறது, ‘$@’ பக்கம் நாம் போகவே வேண்டாம். ஆனால் அதன் பிளாக்குகள் உண்மையில் பெயரில்லா ஃபங்ஷன்கள். கோப்பைப் படித்து விலையைத் தரும் ஃபங்ஷன் ஒன்றில், ட்ரைக்குள் ‘ரிட்டர்ன்’ எழுதி, கடைசி வரியில் ‘கிடைக்காவிட்டால் 0’ என்று வைத்திருக்கிறீர்கள் என்று கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் ரிட்டர்ன் அந்தப் பிளாக்கிலிருந்து மட்டுமே வெளியேறும். விலை எப்போதும் 0. பிழைச்செய்தி எதுவும் வராது.

அரைப்புள்ளி இன்னும் மோசம். பிழை வந்தால் ஓடும் கேட்ச் பிளாக்குக்குப் பின் அதை மறந்து, அடுத்த வரியில் ரிட்டர்ன் இருந்தால், பெர்ல் அதைக் கேட்சுக்குத் தரப்பட்ட உள்ளீடாக எடுத்துக்கொண்டு முதலில் அதையே இயக்கும். ட்ரை பிளாக் ஓடவே ஓடாது! ஒரு புள்ளிக்கு இத்தனை அதிகாரம் தந்திருக்க வேண்டாம்.

மொழியின் சொந்த ட்ரை 2021இல் 5.34 பதிப்பில் சோதனை நிலையில் நுழைந்தது, 2024இல் 5.40இல் அந்த முத்திரை நீங்கியது. பிழை வந்தாலும் வராவிட்டாலும் கடைசியில் ஓடும் ‘ஃபைனலி’ பிளாக் மட்டும் அப்போதும் சோதனை நிலையிலேயே நின்றது. இங்கே ரிட்டர்ன் முழு ஃபங்ஷனிலிருந்தும் வெளியேறும், அரைப்புள்ளி வேண்டாம், பிழைக்கு நாமே பெயர் வைத்த மாறி கிடைக்கும். குறை ஒன்று: ட்ரை டைனியைப் போல இதன் விளைவை நேராக ஒரு மாறியில் வாங்கிக்கொள்ள முடியாது. பழைய பெர்ல் உள்ள சர்வருக்கு ஃபீச்சர் கம்பாட் ட்ரை என்ற மாட்யூல் இதே எழுத்துமுறையை 5.14 வரை கொண்டுபோகும்.

பிழையை வகைவாரியாகப் பிரித்துப் பிடிக்கும் வசதி மூன்றிலுமே இல்லை. வந்ததையெல்லாம் பிடித்து, பொருளின் வகையைச் சொல்லும் ‘ஐஸா’ கொண்டு சோதித்து, நமக்குரியதல்லாததை மறுபடி வீச வேண்டியது நம் வேலை.

ட்ரை டைனியில் ஓடிக்கொண்டிருக்கும் நிரலைப் புதிய ட்ரைக்கு மாற்றுகிறவர்கள் வெறும் தேடல்-மாற்றலில் முடித்துவிடக் கூடாது. பிளாக்குகளுக்குள் இருக்கும் ஒவ்வொரு ரிட்டர்னின் பொருளும் மாறிவிடும். ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்த பிறகே மாற்றுங்கள்.