ஹியூஸ்டன் தேர்ட் வார்டில் ஒரு விடுதலை நாள் உலா

டெக்சாஸில் அடிமைகளின் விடுதலை அறிவிக்கப்பட்ட 1865 ஜூன் 19-ஐ நினைவுகூரும் ஜூன்டீன்த் விடுமுறையை ஒட்டி, ஹியூஸ்டன் நகரின் தேர்ட் வார்டு என்ற பகுதியில் கறுப்பினக் கலைஞர்கள் எழுவர் 1993-இல் தொடங்கிய 'புராஜெக்ட் ரோ ஹவுசஸ்' என்ற தொண்டு நிறுவனத்தைப் பார்க்கச் சென்றிருந்தேன். இடிபடவிருந்த 22 சிறு மரவீடுகளை அவர்கள் மீட்டுச் செப்பனிட்டார்கள். 'ஷாட்கன்' எனப்படும் இவ்வீடுகளில் நடைக்கூடமே கிடையாது. முன்வாசலில் நின்றால், ஒன்றன்பின் ஒன்றாக அமைந்த அறைகளின் வழியே பின்வாசல் வெளிச்சம் தெரிகிறது. நம் ஊர்ப் பழைய வீடுகளில் வாசலிலிருந்தே கொல்லைப்புறம் தெரியுமே, ஏறக்குறைய அப்படித்தான்.

சில வீடுகள் கலைக்கூடங்களாக இருக்க, படித்துக்கொண்டே தனியாகப் பிள்ளை வளர்க்கும் இளம் தாய்மாருக்கும் இங்கே குடியிருக்க இடம் தருகிறார்கள் என்பதே இந்நிறுவனத்தை வெறும் காட்சிக்கூடத்திலிருந்து வேறுபடுத்துகிறது. கலைக்கூடங்களுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. வீடுகள் சிறியவையாதலால், கூட்டமில்லாத நேரத்தில் செல்வது நல்லது.

அங்கிருந்து நடந்தே எமன்சிபேஷன் பூங்காவை அடையலாம். விடுதலை பெற்றவர்கள் போதகர் ஜாக் யேட்ஸ் போன்றோரின் தலைமையில் பணம் திரட்டி, இந்நாளைக் கொண்டாடுவதற்கென்றே 1872-இல் வாங்கிய 10 ஏக்கர் நிலம் அது. வழியில் ஒரு வண்டிக்கடையில், இந்நாளுக்கே உரிய சிவப்புப் பானத்துக்காக அரைமணி நேரம் வெயிலில் காத்திருந்தேன். கிடைத்ததோ வெறும் சர்க்கரைப்பாகு. தண்ணீரும் தொப்பியும் கையோடு கொண்டு செல்லுங்கள்.