ஃபார்மட் போடாமலேயே லேப்டாப்பைச் சரிசெய்து கொடுத்தார்கள்

சென்னை ரிச்சி தெருவில் மாடியில் இருக்கும் இந்தச் சின்ன சர்வீஸ் கடைக்கு ஐந்துக்கு ஐந்து கொடுக்கிறேன். கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் அப்டேட்டுக்குப் பிறகு லேப்டாப் படுத்துவிட்டால் கடையில் என்ன கேட்க வேண்டும் என்பதே எனக்கு அன்றைக்குத் தெரியாமல் இருந்தது.

நான் பெரம்பூரில் வீட்டில் இருந்தபடியே பதினோரு சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதி ஜிஎஸ்டி தாக்கல் செய்து கொடுக்கிறேன். மாதாமாதம் போடும் 3பி என்ற ஜிஎஸ்டி ரிட்டர்னுக்குக் கடைசி நாள் 20. 17ஆம் தேதி ராத்திரி வேலையை முடித்து அணைக்கும்போது அப்டேட் ஓட ஆரம்பித்தது, பாதியில் கரண்ட் போய்விட்டது. பேட்டரி நான்கு வருடப் பழசு, சார்ஜரைப் பிடுங்கினால் ஐந்து நிமிடம்கூடத் தாங்காது. காலையில் ஆன் செய்தால் லோகோ வருகிறது, கீழே புள்ளிகள் சுற்றுகின்றன, மாற்றங்களை நீக்கிக்கொண்டிருக்கிறோம், அணைக்காதீர்கள் என்று ஒரு வரி, அப்புறம் தானாகவே ரீஸ்டார்ட், மறுபடி அதே லோகோ. ஒன்றரை மணி நேரம் இதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பதினோரு பேருடைய டேலி (கணக்கு எழுதும் சாஃப்ட்வேர்) டேட்டாவும் உள்ளே. கடைசியாகப் பென்டிரைவில் பேக்கப் எடுத்தது 2ஆம் தேதி. தாக்கல் தாமதமானால் ரிட்டர்னுக்கு நாளுக்கு 50 ரூபாய் லேட் ஃபீ, வரிக்கு வருடம் 18 சதவீதம் வட்டி, எல்லாம் என்னை நம்பிக் கொடுத்தவர்கள் தலையில்தான் விழும்.

முதலில் வீட்டுப் பக்கத்தில் ஒரு கடைக்குப் போனேன். திறந்துகூடப் பார்க்கவில்லை. "விண்டோஸ் போயிடுச்சு மேடம், ஃபார்மட் போடணும், 1500 ஆகும், டேட்டா வேணும்னா அது தனி சார்ஜ், கிடைக்குமான்னு சொல்ல முடியாது" என்றார்கள். கைகால் நடுங்கிவிட்டது எனக்கு. யோசித்துச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொண்டு நேரே ரிச்சி தெருவுக்கு வந்துவிட்டேன். அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கினால் நடக்கிற தூரம்தான்.

இங்கே இருந்த தம்பி முதலில் கேட்டதே, "அக்கா, உள்ளே இருக்கிறது வேணுமா, பேக்கப் இருக்கா?" என்பதுதான். அந்த ஒரு கேள்வியிலேயே எனக்குப் பாதி உயிர் வந்தது. அப்புறம் ஆன் செய்யும்போது எஃப்2 அழுத்தி, விண்டோஸுக்கு முன்பே வரும் பயாஸ் என்ற செட்டிங்ஸ் திரைக்குள் போய், ஃபைல்கள் இருக்கும் எஸ்எஸ்டி டிஸ்க் தெரிகிறதா என்று பார்த்தார், தெரிந்தது. "டிஸ்க் தெரியுது அக்கா, அப்டேட்தான் பாதியில நிக்குது" என்று சொல்லி, லோகோ வரும் நேரம் பார்த்து மூன்று முறை பவர் பட்டனை அழுத்தி அணைத்தார். அடுத்த முறை நீலத் திரையில் ரிப்பேர் மெனு வந்தது. அதில் கட்டளைகளை அடிக்கும் கமாண்ட் பிராம்ப்ட் திரைக்குப் போனதும், டிரைவைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரின் 48 இலக்கச் சாவியைக் கேட்டது. அப்படி ஒரு பூட்டு என் லேப்டாப்பில் இருப்பதே எனக்குத் தெரியாது! புதிதாக வாங்கும்போது மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்திருந்தால் பல மாடல்களில் அது தானாகவே போட்டுக்கொள்ளுமாம், சாவியும் அந்தக் கணக்கிலேயே சேமிக்கப்பட்டிருக்குமாம். பாஸ்வேர்டை அவர் கேட்கவே இல்லை. "உங்க போன்லயே நீங்களே திறந்து பாருங்க அக்கா" என்றார். திரையில் இருந்த கீ ஐடியும் (எந்தச் சாவி என்று காட்டும் அடையாளம்) போனில் இருந்ததும் ஒன்றுதானா என்று பார்த்துவிட்டு, நான் நான்கு நான்காகப் படிக்க அவர் அடித்தார். இப்படிப் பூட்டிய டிரைவை ஃபார்மட் செய்துவிட்டால் அப்புறம் எந்த ரெக்கவரி சாஃப்ட்வேர் போட்டாலும் ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சாது என்று அவர் சொன்னபோது, காலையில் அந்த முதல் கடையிலேயே கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து வயிற்றைக் கலக்கியது.

சாவி போட்ட பிறகும் ரிப்பேரைத் தொடவில்லை. முதலில் காப்பி. கமாண்ட் பிராம்ப்ட்டில் நோட்பேட் என்று அடித்தார், அது திறந்ததும் அதன் ஓப்பன் பெட்டிக்குள் போய், எல்லா வகை ஃபைலும் தெரியும்படி மாற்றி, என் டேலி ஃபோல்டரையும் டாக்குமென்ட்ஸையும் அப்படியே வெளி ஹார்ட் டிஸ்குக்கு எடுத்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நான் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன், ஃபைல்களின் தேதியைக் காட்டி 17ஆம் தேதி வரை இருக்கிறதா என்று என்னையே சரிபார்க்கச் சொன்னார்.

அப்புறம்தான் மெனுவில் கடைசி அப்டேட்டை நீக்கிப் பார்த்தார். முடியவில்லை, பாதியில் நிற்பதால் நீக்க வரவில்லை என்றார். பிறகு டிஸ்ம் என்று தொடங்கும் ஒரு கட்டளை, ரிவர்ட் பெண்டிங் ஆக்‌ஷன்ஸ் என்று முடிந்தது. தொங்கிக்கொண்டிருக்கும் அப்டேட் வேலைகளைத் திரும்ப எடுத்துவிடுமாம். இந்தத் திரையில் சி டிரைவ் சில நேரம் டி என்று காட்டும், எழுத்தைப் பார்க்காமல் அடித்தால் வேலை நடக்காது என்பதையும் சொல்லிக்கொண்டே செய்தார். ரீஸ்டார்ட் கொடுத்து இருபது நிமிடம் காத்திருந்தோம். என் டெஸ்க்டாப் வந்தது, பிள்ளையின் படத்தோடு. கண் கலங்கிவிட்டது.

கையோடு, கெட்டுப்போன விண்டோஸ் ஃபைல்களைத் தேடிச் சரிசெய்யும் எஸ்எஃப்சி ஸ்கேன் ஓட்டினார். சி டிரைவில் 4 ஜிபிதான் மிச்சம் இருந்தது, தேவையில்லாததை நீக்கி இடம் உண்டாக்கினார். மொத்தம் 700 ரூபாய், வரும்போதே சொன்ன தொகை. காப்பி எடுத்ததற்குத் தனியாக ஒன்றும் வாங்கவில்லை. என் ஃபைல்களை என் பென்டிரைவுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு, அவர்களுடைய டிஸ்கில் இருந்ததை என் கண் முன்னாலேயே அழித்தார். அடுத்தவர் கணக்கு வைத்திருக்கும் எனக்கு இது பெரிய விஷயம்.

குறை சொல்ல வேண்டுமென்றால், மாடிப்படி ரொம்பக் குறுகல், வயதானவர்களால் ஏறுவது கஷ்டம். போன் செய்தால் எடுப்பதில்லை. பில்லைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும், கேட்டதும் உடனே எழுதிக் கொடுத்தார்கள். கார்டு இல்லை, ரொக்கமோ ஜிபேயோதான். ஒருவரே எல்லாம் பார்ப்பதால் மூன்றரை மணி நேரம் ஆனது, அவசரம் என்றால் காலையிலேயே போய்விடுங்கள். ஞாயிறு அந்தத் தெருவில் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும்.

19ஆம் தேதி ராத்திரி பதினோரு ரிட்டர்னும் போட்டு முடித்தேன். 48 இலக்கத்தையும் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். பேட்டரிக்கு 2800 சொன்னார்கள், வரவழைக்க இரண்டு நாள் ஆகுமாம். அடுத்த சனிக்கிழமை அதை மாற்ற இங்கேதான் போகிறேன்.